கடைக் கண்ணாடியில் ஒரு படம்: யாரிடம் போய்ச் சொல்வது?

மாலில் உள்ளாடைக் கடையின் கண்ணாடிக்கு முன்னால் ஒரு முறை குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் உட்கார்ந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். நின்று பார்க்கும்போது அந்த ஆளுயரப் படத்தில் நம் கண்ணுக்கு நேரே இருப்பது மாடலின் முகம். அதற்குச் சற்று மேலே பிராண்டின் பெயர். ஒரு மீட்டர் உயரத்துக்கு இறங்கியதும் இரண்டும் மேலே போய்விடுகின்றன. நேரே நிற்பது இடுப்பும் தொடையும்தான். படத்தை ஒட்டியவர்கள் ஒருவர்கூட இந்த உயரத்திலிருந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

நான் அப்படி உட்கார்ந்ததற்குக் காரணம் என் ஆறு வயது மகள். எஸ்கலேட்டரில் இறங்கும்போதே அவளுக்குப் படம் முழுதாகத் தெரிந்துவிட்டது. பாதி மூடிய கண், லேசாகத் திறந்த வாய், பின்னால் சாய்ந்த கழுத்து. "அந்த அக்காவுக்கு எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டாள். உள்ளாடையை அவள் பொருட்படுத்தவே இல்லை. அது வீட்டுக் கொடியில் தினமும் காய்கிற துணி. அவள் பார்த்தது முகத்தை. எனக்கு வார்த்தை வராமல் போனதும் அங்கேதான்.

அன்று இரவு வீட்டில் இதுதான் பேச்சு. "உள்ளாடை விக்கிறவன் போர்வை போர்த்தியா காட்டுவான்? பிடிக்கலைன்னா திரும்பிக்கிட்டுப் போக வேண்டியதுதானே" என்றார் கணவர். நாத்தனார், "போலீஸ்ல ஒரு புகார் குடுத்தா ராத்திரியோட ராத்திரியா கழட்டிடுவான்" என்றாள். மகளின் வகுப்புத் தோழிகளின் அம்மாக்களில் ஒருவர், எல்லாரும் சேர்ந்து கடை வாசலில் பதாகை பிடிக்கலாம் என்றார். இன்னொருவர், பெண்ணுடம்பைப் பார்த்து முகம் சுளிக்கிற பழக்கத்தைக் குழந்தைக்கு நாமே கற்றுக்கொடுக்கிறோமோ என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் உறுத்தியது. இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

சரி, இருக்கிற வழிகளை வரிசையாகப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இந்தச் சண்டையைப் பல நாடுகள் ஏற்கெனவே போட்டு முடித்திருக்கின்றன. எந்த வழி எங்கே பலித்தது, எங்கே திருப்பி அடித்தது என்பதற்கு உதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. நான் பார்த்தது மூன்று விஷயம். எவ்வளவு சீக்கிரம் வேலை ஆகும்? சுமை யார் தலையில் விழும்? நாம் குறிவைக்காத எதையெல்லாம் அது சேர்த்து அடிக்கும்? முதல் கேள்வியைச் சாதாரணமாக நினைத்துத்தான் ஆரம்பித்தேன். கடைசியில் அதுதான் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. கடைக் கண்ணாடிப் படத்தின் ஆயுள் சில வாரம்தான். பருவம் மாறினால் படமும் மாறிவிடும்.

திரும்பிக்கொண்டு போவது

கணவர் சொன்னதைக் கேட்டு எரிச்சல் வந்தாலும், அவர் பக்கம் அமெரிக்க உச்ச நீதிமன்றமே நிற்கிறது. ஃபுளோரிடாவில் உள்ள ஜாக்சன்வில் நகரம் ஒரு விதி போட்டிருந்தது. காரில் இருந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்குகளின் திரை பொதுச் சாலையிலிருந்து தெரிந்தால், அதில் நிர்வாணக் காட்சி கூடாது. அந்த விதியை 1975-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பொது இடத்தில் கண்ணில் பட்டது பிடிக்கவில்லை என்றால், பார்வையைத் திருப்பிக்கொள்ள வேண்டியது பார்ப்பவர் பொறுப்பு என்பது தீர்ப்பின் சாரம். குழந்தைகளைக் காக்கத்தானே இந்த விதி என்று நகரம் வாதாடிப் பார்த்தது. அப்படியானால் ஒரு கைக்குழந்தையின் பின்புறம் தெரியும் காட்சியும், போரில் அடிபட்டுக் கிடக்கும் ஒருவரின் உடலும்கூட இதில் தடைபட்டுவிடுமே என்றார்கள் நீதிபதிகள்.

இந்தக் கடைசி வாதத்தை நான் மறக்கப் போவதில்லை. "இவ்வளவு தோல் தெரியக் கூடாது" என்று அளவுகோல் வைத்துக்கொண்டு கிளம்பினால், தாய்ப்பால் விழிப்புணர்வுச் சுவரொட்டியும் மார்பகப் பரிசோதனைப் படமும்தான் முதலில் மாட்டும். கவர்ச்சிப் படம் தப்பித்துவிடும். கழுத்து வரை மூடிய உடையிலும் அந்த முகத்தை வைத்துவிட முடியுமே!

ஆனால் திரும்பிக்கொள்வது பெரியவர்களுக்கான யோசனை. எதைப் பார்க்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளவே முதலில் அதைப் பார்த்தாக வேண்டும். ஆறு வயதுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. தள்ளுவண்டியில் உட்கார்ந்திருக்கும் இரண்டு வயதுக்குத் திரும்பிக்கொள்ளவே தோன்றாது. பத்திரிகையை மூடி வைக்கலாம், டிவியை அணைக்கலாம், போனைப் பிடுங்கி வைக்கலாம். பொம்மைக் கடைக்குப் போகும் வழியில் உள்ள சுவரை என்ன செய்வது?

இந்த வழியோடு சேர்ந்தே வருவது, குழந்தையிடம் பேசுவது. இதை மற்ற வழிகளுக்கு மாற்றாகச் சிலர் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இது தனியாக நடந்துதான் ஆக வேண்டும். நான் ஒருவாறு சமாளித்துச் சொன்ன பதில் இது: "வலியெல்லாம் இல்லடா. படம் எடுக்கிறவர் அப்படி முகத்தை வெச்சுக்கச் சொல்லியிருக்கார்." "எதுக்கு?" "துணி விக்கறதுக்கு." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "துணி விக்க எதுக்கு வலிக்கிற மாதிரி இருக்கணும்?" என்றாள். விளம்பரத்துறையில் இருக்கிறவர்கள் யாராவது இதற்குப் பதில் சொன்னால் அவளிடம் சேர்த்துவிடுகிறேன்.

போலீஸும் சட்டமும்

நாத்தனார் சொன்ன வழியை ஓர் ஊர் நிஜமாகவே முயன்று பார்த்தது. 2008 பிப்ரவரியில், அமெரிக்காவின் வர்ஜீனியா பீச் நகரில், ஒரு மாலுக்குள் இருந்த ஆபர்கிராம்பி அண்ட் ஃபிட்ச் துணிக்கடைக்குள் போலீஸ் போய், இரண்டு பெரிய விளம்பரப் படங்களைப் பறிமுதல் செய்தது. ஒன்றில் சட்டையில்லாத இளைஞர்கள், ஒருவனின் ஜீன்ஸ் பின்னால் இறங்கியிருக்கும். இன்னொன்றில் மேலாடை இல்லாத பெண், கையால் மார்பை மறைத்திருப்பாள். வாடிக்கையாளர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். ஆபாசச் சட்டத்தின் கீழ் கடை மேலாளர் மீது வழக்கு. சில நாள்களிலேயே நகர நிர்வாகம் வழக்கைக் கைவிட்டது.

ஏன் நிற்கவில்லை? அமெரிக்காவில் ஆபாசம் என்று சட்டப்படி நிரூபிக்க, 1973-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த மூன்று படிகளையும் தாண்ட வேண்டும். வெறும் தோல் தெரிவது மட்டும் அதற்குப் போதாது. நடந்தது என்னவென்றால், ஒரு மாலுக்குள் இருந்த படம் நாடு முழுக்கச் செய்தியானது. அந்தக் கடை எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாதவர்களும் பார்த்தார்கள்.

இதில் எனக்குப் பாவமாகத் தோன்றுவது அந்தக் கடை மேலாளர். படத்தைத் தேர்ந்தெடுத்தது தலைமை அலுவலகமாகத்தான் இருக்கும். அது பெட்டியில் வந்து இறங்கியிருக்கும், எந்த ஆணியில் எதை மாட்ட வேண்டும் என்ற வரைபடத்தோடு. மாட்டியதற்கு வழக்கு, மாட்டாமல் இருந்திருந்தால் வேலை போயிருக்கலாம்.

சட்டம் இப்படித் தடுமாறுவதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1868-ல் இங்கிலாந்தில் வந்த ஹிக்ளின் தீர்ப்பு, கெட்டுப்போகக்கூடிய மனம் உள்ளவர்களை ஒரு படைப்பு கெடுக்குமா என்று பார்த்தது. அதாவது அளவுகோல் பார்வையாளர்களில் மிக எளிதில் பாதிக்கப்படுகிறவர், நடைமுறையில் குழந்தை. அதன் விளைவு, பெரியவர்கள் படிக்கிற புத்தகங்களும் குழந்தைக்கு ஏற்றவையாக இருக்க வேண்டியதாயிற்று. மிச்சிகன் மாநிலத்தின் அப்படியொரு சட்டத்தை 1957-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்று நாம் சொல்வோமே, கிட்டத்தட்ட அதே தொனியில் ஓர் உவமையை நீதிபதியும் எழுதினார். இந்திய உச்ச நீதிமன்றம் 2014-ல், டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரின் நிர்வாணப் புகைப்படம் பற்றிய வழக்கில், ஹிக்ளின் அளவுகோலை விட்டுவிட்டுச் சமகாலச் சமூகத்தின் பொதுவான அளவுகோலுக்கு மாறியது. இந்த மாற்றம் சரி என்பதே என் எண்ணம். ஆனால் அதன் மறுபக்கம், ஆபாசச் சட்டம் இனி குழந்தையின் கண்ணால் பார்க்காது. பொம்மைக் கடை வாசலுக்கு அது பொருத்தமான கருவி இல்லை.

சட்டங்களில் ஒன்றே ஒன்று எனக்குப் பிடித்தது. பிரிட்டனில் 1981-ல் வந்த, அநாகரிகக் காட்சிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம். பொது இடத்திலிருந்து தெரியும்படி அநாகரிகமான எதையும் காட்சிக்கு வைப்பது அதன்படி குற்றம். ஆனால் வாசலில் எச்சரிக்கைப் பலகை வைத்து, 18 வயதுக்குக் குறைந்தவர்களை உள்ளே விடாத கடைக்குள் வைத்தால் அந்தச் சட்டம் தலையிடாது. இங்கே பொருளைப் பற்றிய கேள்வியே கிட்டத்தட்ட இல்லை. கண்ணாடிக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஆனால் அந்தச் சட்டத்தின் குறி வேறு வகைக் கடைகள். துணிக்கடையின் கவர்ச்சிப் படம் அதன் வரம்பை எட்டுவது கடினம்.

புகார் மன்றம்

போலீஸுக்கும் வீட்டு வாக்குவாதத்துக்கும் நடுவே இருப்பது விளம்பரத்துறையே தனக்கு வைத்துக்கொண்டிருக்கும் கண்காணிப்பு மன்றங்கள். பிரிட்டனில் விளம்பரத் தர ஆணையம், ஆஸ்திரேலியாவில் ஆட் ஸ்டாண்டர்ட்ஸ், இந்தியாவில் 1985-ல் தொடங்கிய விளம்பரத் தரக் குழு. புகார் கொடுக்கக் காசு வேண்டாம், வக்கீல் வேண்டாம், ஒரே ஒருவர் புகார் கொடுத்தாலும் எடுத்துக்கொள்வார்கள்.

இந்த வழியின் சிறந்த உதாரணம் 2000-ல் நடந்தது. ஓப்பியம் என்ற வாசனைத் திரவியத்துக்காக, சோஃபி டால் என்ற மாடல் நிர்வாணமாகப் படுத்திருக்கும் படத்தைப் பிரிட்டன் முழுக்கத் தெருப் பலகைகளில் ஒட்டினார்கள். 948 புகார்கள் வந்தன. ஆணையம் பலகைகளிலிருந்து எடுக்கச் சொன்னது. இதே படம் பத்திரிகைகளில் வந்தபோது கிளம்பிய புகார்கள் சொற்பம். அதே பெண், அதே படுக்கை, அதே வெளிச்சம். கையில் பிடித்துப் புரட்டுகிற தாளில் இருந்தபோது பெரும்பாலோர் சும்மா இருந்தார்கள். பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்துக்கு மேலே விரிந்தபோது பொறுக்க முடியவில்லை. என் சந்தேகத்துக்கெல்லாம் இந்த ஒரு சம்பவம் பதில் சொல்லிவிட்டது. மக்கள் சண்டை போட்டது படத்தோடு அல்ல, அது நின்ற இடத்தோடு.

இந்த மன்றங்களிடம் இன்னொரு நல்ல பழக்கம் உண்டு. எவ்வளவு தோல் தெரிகிறது என்பதோடு நிற்க மாட்டார்கள். நிற்கும் விதம், முகபாவம், கேமரா எந்த உறுப்பைக் குறிவைக்கிறது, கூடவே எழுதியிருக்கும் வாசகம் என்ன, விற்கும் பொருளுக்கும் படத்துக்கும் சம்பந்தம் உண்டா என்றெல்லாம் பார்ப்பார்கள். உள்ளாடை விற்கிறவர் உள்ளாடையைக் காட்டலாம். கார் டயர் விற்கிறவர் அதே படத்தைப் போட்டால் கேள்வி வரும். முகத்தைப் பார்த்த என் மகள் பார்த்தது சரியான இடத்தைத்தான்.

இனி குறைகள். முதலாவது, கடைக் கண்ணாடி என்பதே ஒரு இடுக்கு. பிரிட்டனின் விளம்பர விதிநூல், விற்பனை இடத்திலேயே வைக்கப்படும் காட்சிகளைப் பெரும்பாலும் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிடுகிறது. தெருப் பலகை உள்ளே, கடை முகப்பு பல சமயம் வெளியே. ஆஸ்திரேலியாவில் அந்தச் சிக்கல் இல்லை. மால் கண்ணாடியும் கணக்கில் வரும். ஹனி பர்டெட் என்ற உள்ளாடைக் கடைத்தொடரின் கண்ணாடிப் படங்கள்மீது வந்த புகார்களை அங்கே பல முறை ஏற்றுத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். பல முறை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முதல் தீர்ப்பு வேலை செய்திருந்தால் அடுத்தடுத்த தீர்ப்புகளுக்கு அவசியம் வந்திருக்காதே. அந்த மன்றத்துக்கு அபராதம் போடும் அதிகாரம் கிடையாது. தீர்ப்பு வருவதற்குள் அந்தப் பருவத்துப் படம் போய் அடுத்தது வந்துவிடும் என்பது அங்கே புகார் கொடுத்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன குறை.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. குவீன்ஸ்லாந்து மாநிலம் 2017-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வாடகை வேன்களின் பின்புறம் எழுதியிருந்த பச்சையான வாசகங்கள்தான் அங்கே பிரச்சினை. வாசகம் தவறு என்று விளம்பர மன்றம் சொல்லி, உரிமையாளர் அழிக்க மறுத்தால், வண்டியின் பதிவையே அரசு ரத்து செய்யலாம். எது தவறு என்று தீர்மானிப்பது மன்றம், கடிக்கும் பல் அரசுடையது. கடைக் கண்ணாடிக்கும் இப்படியொரு பல் கட்டலாம்தான். ஆனால் அது ஒரு அம்மாவால் ஆகிற காரியம் இல்லை, சட்டமன்றம் கூட வேண்டும்.

தூரக் கணக்கு

பிரிட்டனில் பெற்றோர் கவலை பற்றி அரசு ரெக் பெய்லி என்பவரிடம் ஓர் ஆய்வறிக்கை கேட்டது. 2011-ல் வந்த அந்த அறிக்கையை ஒட்டி, பாலியல் சாயல் உள்ள தெரு விளம்பரங்களைப் பள்ளிகளிலிருந்து 100 மீட்டருக்குள் வைப்பதில்லை என்ற கட்டுப்பாடு வந்தது. எளிய விதி. டேப் வைத்து அளந்தால் முடிந்தது, ரசனை பற்றிய விவாதமே வேண்டாம். குறையும் அதே எளிமைதான். குழந்தைகள் பள்ளிச் சுவருக்குள்ளேயே வாழ்கிறவர்கள் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் எல்லாரும் மாலில்தான் இருக்கிறார்கள். அங்கே 100 மீட்டருக்குள் பள்ளி எதுவும் இருக்காது.

இன்னும் பெரிய கையால் துடைத்தவர்களும் உண்டு. பிரேசிலின் சாவ் பாலோ நகரம் 2007 முதல் தெரு விளம்பரப் பலகைகளையே மொத்தமாகத் தடை செய்தது. நோக்கம் குழந்தைகள் அல்ல, கண்ணுக்குக் குப்பை என்பதுதான். அங்கே யாருடைய ஒழுக்கமும் விசாரணைக்கு வரவில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மாலுக்குள் இருக்கும் ஒரு கண்ணாடிக்காக ஊரையே துடைக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

பதாகை பிடிப்பது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2015-ல் லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில், பிகினி அணிந்த ஒரு பெண்ணைக் காட்டி, கடற்கரைக்கு உங்கள் உடம்பு தயாரா என்று கேட்கும் ஒரு விளம்பரம் வந்தது. எடை குறைக்கும் பொருளுக்கானது. பதாகையோடு ஆட்கள் திரண்டார்கள், ஆயிரக்கணக்கில் கையெழுத்துகள் குவிந்தன, விளம்பரத் தர ஆணையத்துக்கு ஏறத்தாழ 380 புகார்கள் போயின. நிறுவனம் கலங்கவில்லை. தங்கள் விற்பனை ஏறியிருப்பதாக அதுவே சொல்லிக்கொண்டது. அந்தப் படம் பொறுப்பற்றது என்று ஆணையம் ஏற்கவில்லை. அந்த வடிவில் விளம்பரம் மறுபடி வரக் கூடாது என்று அது சொன்னதற்குக் காரணம் படம் அல்ல, எடை குறைப்பு பற்றிய ஆதாரமற்ற வாக்குறுதிகள்.

கவர்ச்சியை விற்கிற நிறுவனத்துக்கு நம் கோபமும் விளம்பரம்தான். ஆபர்கிராம்பி அந்தப் பாணி விளம்பரங்களைக் கைவிடுவதாக அறிவித்தது 2015-ல், போலீஸ் வந்துபோய் ஏழு ஆண்டுகள் கழித்து, விற்பனை சரிந்த பிறகு. வாங்குகிறவர்களுக்கே அலுத்துப் போன பிறகு என்றும் சொல்லலாம்.

ஒரு கேள்வி இங்கே இடையில் வந்து நிற்கிறது. சட்டையில்லாத ஆண்கள் படத்துக்கு நாங்கள் இவ்வளவு கூடிப் பேசியிருப்போமா? நேர்மையாகச் சொன்னால், இல்லை. இந்தியாவில் 1986-ல் வந்த சட்டமும் பெண்களை அநாகரிகமாகச் சித்தரிப்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மகனுக்கும் கண் இருக்கிறது என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

சுவருக்குச் சொந்தக்காரர்

அந்த லண்டன் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. அடுத்த ஆண்டு, 2016-ல், புதிதாக வந்த மேயர் சாதிக் கான், உடம்பைப் பற்றித் தாழ்வு மனப்பான்மை உண்டாக்கும் விளம்பரங்களை நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் ரயில்களிலும் நிலையங்களிலும் இனி ஏற்கக் கூடாது என்று சொன்னார். அதற்கு நீதிமன்றம் தேவைப்படவில்லை. சுவர் அந்த நிறுவனத்துடையது, அதில் எதை ஒட்டலாம் என்பது வாடகைக்கு விடுகிறவர் முடிவு. பாரிஸ் நகர சபையும் 2017-ல் தன் விளம்பரப் பலகைகளுக்கான ஒப்பந்தத்தில் பெண்களை இழிவுபடுத்தும் விளம்பரங்கள் கூடாது என்று எழுதிவைத்தது.

கடைக்குள்ளும் இது நடந்திருக்கிறது. 2013-ல் பிரிட்டனின் கோ-ஆப்பரேட்டிவ் கடைத்தொடர், இளைஞர்களுக்கான கவர்ச்சிப் பத்திரிகைகளைப் பதிப்பாளர்கள் அட்டை தெரியாத உறையில் போட்டுக் கொடுத்தால்தான் விற்போம் என்று கெடு வைத்தது. நட்ஸ் பத்திரிகை உறை போட மறுத்தது. அந்தக் கடைகளிலிருந்து வெளியேறியது. யாருக்கும் எதுவும் தடை செய்யப்படவில்லை. வேண்டியவர் வேறு கடையில் வாங்கிக்கொள்ளலாம். மிட்டாய் அடுக்குக்குப் பக்கத்தில் மட்டும் அது இல்லை.

மாலுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம். கடைக்காரர் அங்கே வாடகைக்காரர். முகப்புக் கண்ணாடி எப்படி இருக்க வேண்டும், பெயர்ப் பலகை எவ்வளவு பெரிது, நடைபாதையில் எதை வைக்கலாம் என்றெல்லாம் குத்தகை ஒப்பந்தங்களில் விதிகள் எழுதுவது வழக்கம். நிர்வாகத்துக்குக் குடும்பங்கள் வேண்டும். பொம்மைக் கடைக்கும் சாப்பாட்டுத் தளத்துக்கும் ஆள் வருவது குழந்தைகளால்தான். கடையில் நிற்கும் பெண்ணிடம் போய்க் கத்துவதால் ஒன்றும் ஆகாது, அவருக்கும் அந்தப் படம் பெட்டியில் வந்ததுதான். தலைமை அலுவலகத்துக்கு எழுதினால் நன்றி கூறி ஒரு தானியங்கிப் பதில் வரும். மால் மேலாளருக்கு மட்டும்தான் இதில் அதிகாரமும் இருக்கிறது, அக்கறைக்கு ஒரு காரணமும் இருக்கிறது.

கேட்பதும் சின்னதாக இருக்க வேண்டும். கடையை மூடு, படத்தைக் கிழி என்று கேட்டால் அவர் பேச்சுச் சுதந்திரம் பற்றி நமக்குப் பாடம் எடுப்பார், அதில் தவறும் இல்லை. அதே படத்தைக் கடைக்குள் பக்கச் சுவருக்கு மாற்றுங்கள் என்று கேட்கலாம். கண்ணாடியின் கீழ்ப் பாதிக்குப் பனிப்படலம் போன்ற ஸ்டிக்கர் ஒட்டலாம். அமெரிக்காவின் சில நகரங்களில் பத்திரிகை அட்டையின் கீழ்ப் பகுதியை மறைக்கும் தட்டிகளுக்கு விதியே இருக்கிறது. ஒரு பிரச்சாரத்துக்கு ஒரே ஒரு படத்தோடு யாரும் நிறுத்துவதில்லை. அதே துணியை அதே பெண் சாதாரணமாகச் சிரித்துக்கொண்டு அணிந்திருக்கும் படமும் அந்த வரிசையில் இருக்கும். அதை முகப்பில் வையுங்கள், வலிக்கிற படத்தை உள்ளே வையுங்கள். உடம்பைப் பார்த்து முகம் சுளிக்கிறோமோ என்று கேட்ட அந்தத் தோழிக்கும் இந்தக் கோரிக்கையில் ஆட்சேபம் இருக்கவில்லை.

இந்த வழியில் எனக்குள்ள பயத்தையும் சொல்லிவிடுகிறேன். சுவருக்குச் சொந்தக்காரர் எதையும் எடுக்கலாம், யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இன்று என் பேச்சைக் கேட்டு இதை எடுப்பவர், நாளை இன்னொருவர் பேச்சைக் கேட்டுத் தாய்ப்பால் சுவரொட்டியை எடுப்பார். அதற்கு மேல்முறையீடும் கிடையாது. புகார் மன்றத்தில் தீர்ப்பு எழுத்தில் வரும், காரணம் இருக்கும், மறுபரிசீலனை கேட்கலாம். அதனால்தான் அதை நான் கைவிடவில்லை. தெருவோரம் சொந்தக் கட்டடத்தில் இருக்கும் கடையென்றால் நிர்வாகம் என்று ஒருவரே இல்லை. அங்கே நேராக மன்றத்துக்குத்தான் போவேன். மாலுக்குள் என்றால் முதலில் நிர்வாகம், பதில் வராவிட்டால் மன்றம். போலீஸுக்கும் பதாகைக்கும் என் பட்டியலில் இடமில்லை. நாத்தனாரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

அமெரிக்க உளவியல் சங்கம் 2007-ல் வெளியிட்ட அறிக்கை, பெண் குழந்தைகளைச் சுற்றி ஊடகங்களில் நிறைந்திருக்கும் பாலியல் சித்தரிப்பை உடல் பற்றிய அதிருப்தியோடும் மனச்சோர்வோடும் தொடர்புபடுத்தியது. அது மொத்த வெள்ளத்தைப் பற்றிய பேச்சு. ஒரு படம் ஒரு குழந்தையைக் கெடுத்துவிடும் என்று அதிலிருந்து எடுத்துச் சொல்ல முடியாது. மால் மேலாளருக்கு எழுதும்போது அந்த மிரட்டலை நான் சேர்க்கப் போவதில்லை. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கேமராவைப் பிடித்து எடுத்த ஒரு புகைப்படத்தை மட்டும் இணைப்பேன்.

நான் இவ்வளவும் படித்து முடிப்பதற்குள் அந்தப் படம் போய்விட்டது. இப்போது அங்கே பைஜாமா போட்ட இருவர் தலையணையால் அடித்துக்கொள்கிறார்கள், மகளுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் உள்ளாடைக் கடைகளின் பெரிய பருவம் பிப்ரவரி 14. அதற்கான பெட்டிகள் அதற்குச் சில வாரம் முன்பே கடைகளுக்கு வந்துவிடும். என் கடிதம் ஜனவரி முதல் வாரமே மேலாளர் மேசையில் இருக்க வேண்டும், புகைப்படத்தோடு.